குட்டி எஞ்சின் யாவாரமும் கொஞ்சம் சந்தேகமும்

“முன்னால பெட்டிய வச்சிக்கிட்டு இருக்கா பாத்தியா, அவதான். பொம்மை எஞ்சின் விக்காளாம். பொம்மை எஞ்சின யாரு மக்கா வாங்குவா? உள்ள என்னத்தயோ வச்சி விக்கா.”

நாகர்கோவிலிலிருந்து குளச்சல் போகும் பேருந்தில், எனக்குப் பின் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது இது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டிக்குள் உண்மையிலேயே எஞ்சின்தான் இருந்தது. பழைய பனியன் துணியில் சுற்றிய, இரண்டு கைக்குள் அடங்கும் நீராவி எஞ்சின். திறந்து காட்டியிருக்கலாம். ஆனால் முன்பின் தெரியாதவர்களிடம் எனக்குப் பேச வராது. இறங்கும் இடம் வரைக்கும் பெட்டியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர்களுக்கு இருந்த கொஞ்சநஞ்ச ஐயமும் அதில் தீர்ந்திருக்கும்.

பழைய குட்டி எஞ்சின் வியாபாரம் என்பது ஒருவருடைய சந்தேகத்தை வாங்கி இன்னொருவருக்கு விற்பதுதான். பித்தளையில் ஒரு சின்ன பாய்லர், கீழே ஸ்பிரிட் விளக்கு, பக்கத்தில் பிஸ்டன், இரும்பில் ஒரு சக்கரம். தண்ணீர் ஊற்றி விளக்கை ஏற்றினால் சக்கரம் நிஜமாகவே சுற்றும். சீமையில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் விளையாடுவதற்காகச் செய்தவை. தோட்டத்துரைகள், மிஷன் டாக்டர்கள், கப்பலில் வேலைக்குப் போனவர்கள் வழியாக எங்கள் மாவட்டத்துக்கு வந்து, வீடுகளின் அலமாரியிலும் பரணிலும் தங்கிவிட்டன. எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு ஆசிரியர் தேர்வுக்குக் காத்திருந்த காலத்தில் ஆக்கர் கடையில், அதாவது பழைய இரும்புக் கடையில், தராசுத் தட்டில் ஒன்றைப் பார்த்தேன். கெஞ்சி வாங்கி வந்தேன். தேர்வு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது, எஞ்சின்கள் வந்துகொண்டே இருந்தன.

இதை வாங்குகிறவர்கள் தூத்துக்குடியிலிருந்து திருவனந்தபுரம் வரை கூட்டிப் பெருக்கினால் ஒரு ஐம்பது அறுபது பேர். எல்லாரும் ஒரே வாட்ஸப் குழுவில் இருக்கிறார்கள். அங்கே பெயர் கெட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அப்பாவும் அதையேதான் நிபந்தனையாகப் போட்டிருந்தார். “உன் மேல ஒரு புகார் வந்தா அன்னைக்கே நிறுத்தணும். சித்தப்பாவுக்க நகைக்கடன் ஆபீஸ்ல ஒரு நாற்காலி உனக்காகச் சும்மா கெடக்கு.” இந்த வருஷம் அந்தப் புகார் வந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் சிலரை நீங்கள் பார்த்துவிட வேண்டும். பழைய சாமானோடு மல்லுக்கட்டும் ஆளாக இருந்தால் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள்.

*அரிசிக்காரர்*

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் மடித்த காகிதம். வீட்டுக்கே வந்துவிட்டார். எந்த ஊர் எஞ்சின், ஓடுமா, ஓடாதா என்று எதுவும் கேட்கவில்லை. பித்தளை பாய்லரை மட்டும் குனிந்து பார்த்துவிட்டு, “இடி விழுந்த வீட்டுலேருந்து எடுத்ததா?” என்றார். இல்லை, வெட்டூர்ணிமடத்தில் ஒரு வாத்தியார் வீட்டிலிருந்து எடுத்தது என்றேன். “அந்த வீட்டுல இடி விழலன்னு உனக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

காகிதத்தைப் பிரித்து மேசையில் நாலைந்து அரிசி மணிகளைப் பரப்பினார். காற்றாடியை நிறுத்தச் சொன்னார். அம்மா அடுக்களை வாசலில் வந்து நின்றுகொண்டாள். பாய்லரைத் தூக்கி அரிசிக்கு ஒரு விரற்கடை தூரத்தில் பிடித்தார். இடி வாங்கிய பாத்திரம் அரிசியை இழுக்கும், அப்படி இழுத்தால் கோடிக்குப் போகும் என்று நம்பி அலைகிற கூட்டம் ஒன்று இருப்பதை நான் செய்தித்தாளில் படித்திருக்கிறேன். நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஒரு மணி மட்டும் அசைந்தது. அவர் முகம் மலர்ந்தது. அது அவர் விட்ட மூச்சு என்று அம்மா சொன்னாள். மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடி பிடித்தார். ஒன்றும் நடக்கவில்லை. அரிசியை ஒரு மணி விடாமல் பொறுக்கிக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

“அரிசி நல்ல அரிசி. உங்க சாமான்தான் சரியில்ல.”

*குளச்சல்காரர்*

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. விற்கிறவர், வாங்குகிறவர் கண்முன்னால் ஒரு தடவை எஞ்சினை ஓட்டிக் காட்ட வேண்டும். அதன் பிறகு ஓட்டத்தைப் பற்றிப் புகார் சொல்லக் கூடாது. ஆனால் ஏதாவது ஒரு பாகம் மாற்றிப் போட்டது என்று தெரிந்தால் எத்தனை நாள் கழித்தும் சொல்லலாம்.

குளச்சலில் பிரான்சிஸ் அங்கிள் இருக்கிறார். கப்பலில் எஞ்சின் அறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். வீட்டில் மூன்று பீரோ நிறையக் குட்டி எஞ்சின்கள். குழுவில் பாதிப் பேர் அவர் சொல்வதைக் கேட்டுத்தான் வாங்குவார்கள். முதல் தடவை அவர் வீட்டுக்கு எஞ்சின் கொண்டு போனபோது, காய்ச்சி வடித்த தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துப் போயிருந்தேன். உப்புத் தண்ணீர் பட்டால் பாய்லர் கெட்டுவிடும் என்பதால். அவர் என் பாட்டிலை வாங்கி மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு அதைக் கொண்டு போய்த் திண்டில் வைத்துவிட்டு, தன்னுடைய தண்ணீர், தன்னுடைய ஸ்பிரிட், தன்னுடைய தீப்பெட்டி என்று வரிசையாகக் கொண்டு வந்தார். பாய்லர் ஒழுகினால் அடைப்பதற்கு ஏதாவது பசையைத் தண்ணீரில் கலந்து கொண்டுவருகிறவர்கள் உண்டாம். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அதைக் கவனித்துவிட்டுத்தான் சொன்னார்:

“உன்ன நம்பாம இல்ல மக்களே. உனக்க வெள்ளத்தத்தான் நம்பல.”

*புளி*

கன்னியாகுமரியில் சங்குக் கடை வைத்திருக்கிற ஓர் அக்கா போனில் படம் அனுப்பியிருந்தார். மாமனார் காலத்து எஞ்சினாம். படத்தைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. பித்தளை நன்றாகக் கறுத்து, மேலே செய்தவன் ஒட்டிய சீட்டு பாதி கிழிந்தும் கிழியாமலும் இருந்தது. அந்தக் கறுப்புக்கும் சீட்டுக்கும்தான் மதிப்பே. அஞ்சுகிராமத்தில் ஒரு மளிகைக் கடைக்காரரிடம் வாங்கிய எஞ்சின் ஏற்கெனவே என்னிடம் இருந்தது. அதே ஆள் செய்தது, அதே அளவு. இரண்டையும் ஜோடியாக வைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே போனேன்.

வாங்க ஆள் வருகிறது என்று அக்கா முந்தின நாளே புளி போட்டுத் தேய்த்து, சாம்பல் போட்டுத் துலக்கி, வெயிலில் காயவைத்திருந்தார். கோயில் விளக்கு தோற்றது. சீட்டு இருந்த இடத்தில் என் முகம் தெரிந்தது. இரும்புச் சக்கரம் மட்டும் புளிக்குத் தப்பிப் பழைய சிவப்புச் சாயத்தோடு இருந்தது. உதிரிக்காவது ஆகும் என்று, மனம் இல்லாமல் குறைத்துக் கேட்டேன். ஏன் குறைக்கிறேன் என்று பக்குவமாக விளக்கவும் செய்தேன். அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு முழுசாகக் கேட்டார். எஞ்சினைத் தந்தும் விட்டார். ஆனால் நான் படி இறங்கும்போது பக்கத்துக் கடைக்காரியிடம் சொன்னது எனக்கும் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னார்:

“அழுக்கா இருந்தா வெல கூடுதலாம், தேச்சு வச்சா கொறச்சலாம். எங்க படிச்சிட்டு வாறாளுவளோ!”

*கூரியர்*

தூத்துக்குடிக்கு ஒரு பெட்டி அனுப்பப் போயிருந்தேன். படிவத்தில் ‘நீராவி எஞ்சின்’ என்று எழுதினேன். கவுன்டரில் இருந்தவர் பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். “வெடிக்குமா?” என்றார். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் இயற்பியல் படித்தவள். “தண்ணி இல்லாம ரொம்ப நேரம் சூடாக்கினா வெடிக்கலாம்” என்று உண்மையைச் சொன்னேன். எனக்குப் பின்னால் நின்றவர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். கவுன்டர்காரர் பேனா முனையால் பெட்டியை என் பக்கம் மெல்லத் தள்ளினார். பெட்டியைப் பிரித்துக் காட்டினேன். உள்ளே இருந்த மேலாளரும் வந்து பார்த்தார். பித்தளையைத் தட்டிப் பார்த்துவிட்டு அவர்தான் வழி சொன்னார்:

“குத்துவிளக்குன்னு எழுதித் தாங்க. குத்துவிளக்கு இதுவரைக்கும் எங்கயும் வெடிச்சதில்ல.”

*புகார்*

பேருந்தில் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனேன் என்று சொன்னேன் அல்லவா, அது அந்த அஞ்சுகிராமத்து எஞ்சின். பிரான்சிஸ் அங்கிளுக்காகக் கொண்டு போனேன். தன்னுடைய தண்ணீர், தன்னுடைய தீப்பெட்டி, எல்லாம் வழக்கம்போல. எஞ்சின் அருமையாக ஓடியது. “கொள்ளாம்” என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது. சந்தோஷமாகத் திரும்பினேன்.

நாலாம் நாள் காலையில் குழுவில் அவருடைய செய்தி. சக்கரத்தை நாலு பக்கமும் எடுத்த படங்கள். சக்கரத்தை அச்சில் இறுக்கிப் பிடிக்கும் குட்டித் திருகைத் தனியாகக் கழற்றி, மற்றத் திருகுகளோடு வரிசையாக வைத்து இன்னொரு படம். இந்தத் திருகை நாங்கள் எல்லாரும் அரைச் சுற்றுத் தளர்த்திச் சக்கரத்தை உருவுவோம். முழுசாகக் கழற்றிப் பார்க்க மாட்டோம். அவர் வாங்கிய எஞ்சினில் ஒரு திருகையும் விட்டுவைக்க மாட்டார். மற்றத் திருகுகளில் சுற்றிவரும் மரை பழைய இங்கிலீஷ் அளவு. இதில் மட்டும் நம் ஊர் லேத்தில் போடுகிற மரை. சக்கரத்தில் அது போகும் துளையிலும் அதேதான். அப்படியென்றால் சக்கரமே இங்கே வார்த்தது. அசல் சக்கரம் எங்கேயோ போய்விட்டது.

அரைமணி நேரத்தில் பதினேழு பேர் பார்த்துவிட்டார்கள். கடைசியில் குழுவை நடத்துகிற பல் டாக்டர் எழுதினார்:

“வருகிற ஞாயிறு பிரான்சிஸ் சார் வீட்டில் கூட்டம். தங்கச்சி அங்கே வந்து விளக்கம் சொல்லட்டும். விளக்கம் இல்லையென்றால் குழுவிலிருந்து தானாக விலகிக்கொள்வது எல்லாருக்கும் மரியாதை.”

*அஞ்சுகிராமம்*

அப்பாவிடம் சொல்லவில்லை. மறுநாள் முதல் பேருந்தில் அஞ்சுகிராமம் போனேன். வழியெல்லாம் அந்த மளிகைக் கடைக்காரரை மனசுக்குள் விசாரித்துக்கொண்டே போனேன். விற்கும்போது அவர் ஏன் அவ்வளவு சிரித்தார்? ஏன் காப்பி வாங்கித் தந்தார்? அசல் சக்கரத்தை எடுத்து வைத்துக்கொண்டு வேறொன்றைப் போட்டுத் தந்திருக்கிறார், வேறென்ன.

கடையில் கூட்டம். மனசுக்குள் கேட்டதில் கால்வாசிகூட வாயில் வரவில்லை. “அண்ணாச்சி, அந்தச் சக்கரம்...” என்று இழுத்தேன். அவர் துவரம்பருப்பை நிறுத்துப் போட்டுக்கொண்டே, “ஏம்மா, மூளிச் சக்கரந்தான? அன்னைக்கே காட்டித் தந்தம்லா” என்றார். அவர் மகன் சின்னப் பிள்ளையில் எஞ்சினைக் கீழே போட்டதில் சக்கரத்தின் விளிம்பில் கடலைப்பருப்பு அளவுக்கு ஒரு துண்டு தெறித்துப் போயிருந்ததாம். காட்டியபோது நான் பாய்லரைத் தட்டிப் பார்ப்பதிலேயே குறியாக இருந்திருக்கிறேன். பிரான்சிஸ் அங்கிள் போட்ட படங்களைத் திறந்து பார்த்தேன். நாலு பக்கமும் விளிம்பு முழுசாக இருந்தது.

அவர் சொல்வதை எப்படி நம்புவது என்று நான் நினைத்தது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். மாடிக்குப் போய்ச் சட்டம் போட்ட ஒரு போட்டோவை எடுத்து வந்தார். மகனுடைய பிறந்தநாளுக்கு ஸ்டுடியோவில் எடுத்தது. பையன் அழுதுகொண்டு நிற்கிறான், முன்னால் ஸ்டூலில் எஞ்சின், சக்கரத்தில் மூளி. போனில் படம் எடுத்துக்கொண்டேன். போட்டோவைத் துண்டால் துடைத்துக்கொண்டே அவர் கேட்டார்:

“நான் சாமான மாத்துத ஆளா இருந்தா, மூளியோட ஒண்ண எடுத்து ஒங்கிட்ட தருவனா? நல்லதாப் பாத்து மாத்த மாட்டனா?”

*லேத் பட்டறை*

அவர் இல்லை என்றால் அடுத்தது யார்? எஞ்சின் அஞ்சுகிராமத்திலிருந்து என் கைக்கு வந்ததும், பாய்லர் மேலே இருக்கும் வால்வு சரியாக மூடவில்லை என்று கோட்டாறில் சுயம்பு அண்ணனுடைய லேத் பட்டறையில் இரண்டு நாள் விட்டிருந்தேன். இங்கே வார்த்த சக்கரம், இங்கே போட்ட மரை. யோசிக்க என்ன இருக்கிறது? பேருந்தில் திரும்பும்போதே தீர்ப்பு எழுதிவிட்டேன். கோட்டாறில் இறங்கி நேராகப் போனேன்.

“அண்ணே, அந்த எஞ்சின்ல நீங்க சக்கரத்தத் தொட்டீங்களா?”

“எஞ்சின் வந்தா தொடாம கும்பிட்டுட்டா இருப்பேன்? ஏட்டி, என்ன கேக்க வந்தியோ அத நேராக் கேளு.”

“சக்கரம் மாறியிருக்கு.”

லேத்தை நிறுத்தினார். நிறுத்திய பிறகுதான் அது இவ்வளவு நேரம் எத்தனை சத்தம் போட்டுக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. பட்டறையில் வேலை பார்த்த இன்னும் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பிரான்சிஸ் அங்கிளின் படங்களையும் ஸ்டுடியோ போட்டோவையும் காட்டினேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். எனக்கு மட்டும் கூலி பாதியாக வாங்குகிறவர் அவர். படிக்கிற பிள்ளை என்று சொல்லி, படித்து முடித்து மூன்று வருஷமான பிறகும் அப்படித்தான் வாங்கிக்கொண்டிருந்தார். போனைத் திருப்பித் தந்துவிட்டு, மற்ற இருவருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

“மூளிச் சக்கரத்த திருடி நான் என்னட்டி செய்ய? எனக்க பெண்டாட்டிக்கு வளையலா போட முடியும்?”

*அலமாரி*

வீட்டுக்கு வந்தும் நான் நம்பவில்லை. கோபப்பட்டவர் குற்றம் செய்தவர்தான் என்றே நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சொல்வதற்கு ஒரு தாளில் எழுதத் தொடங்கினேன். அஞ்சுகிராமத்துக் கடைக்காரர் சுத்தம், ஆதாரம் இந்த போட்டோ. பட்டறையில் இரண்டு நாள். அப்புறம் என் கைக்கு வந்த நாள் என்ன என்று பார்ப்பதற்காகப் பழைய படங்களைப் போனில் தள்ளிக்கொண்டே போனேன். பட்டறையிலிருந்து எஞ்சின் திரும்பி வந்த மறுநாள் நானே எடுத்த ஒரு படம் வந்தது. தரையில் விரித்த ஒரு செய்தித்தாள். அதன் மேல் பாய்லர் இரண்டு, பிஸ்டன் இரண்டு, சக்கரம் இரண்டு.

அஞ்சுகிராமத்து எஞ்சினையும் கன்னியாகுமரிப் புளி எஞ்சினையும் ஒரே நாளில், ஒரே தாளில் கழற்றிப் போட்டு எண்ணெய் விட்டிருக்கிறேன். அழகாக இருக்கிறது என்று படம் வேறு எடுத்திருக்கிறேன்.

எழுந்து அலமாரியைத் திறந்தேன். புளி எஞ்சின் பளபளவென்று நின்றது. சக்கரத்தை விரலால் சுற்றினேன். கால் சுற்று வந்ததும் விளிம்பில் மூளி. உள்ளூரில் வார்த்த சக்கரம் சங்குக் கடை அக்காவின் மாமனார் காலத்திலேயே புளி எஞ்சினில் இருந்திருக்கிறது. அதை எடுத்து நல்ல எஞ்சினில் மாட்டிக் குளச்சலுக்குக் கொண்டு போனவள் நான்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா வந்து கேட்டதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்பா சொன்ன நகைக்கடன் ஆபீஸ் நாற்காலி அம்மாவுக்கும் பிடிக்காது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

“நீ வாயத் தொறக்காண்டாம். பட்டறைக்காரன்தான் மாத்தினான், சண்டை போட்டுத் திருப்பி வாங்கிட்டு வந்தேன்னு சொல்லிச் சக்கரத்தக் குடு. அவன் உங்க வாட்ஸப்பப் பாக்கவா போறான்?”

*மறுபடியும் பட்டறை*

ஒரு பகல் முழுக்க அதைச் செய்யலாமா என்றுதான் யோசித்தேன். அதை உங்களிடம் மறைக்க விருப்பமில்லை. செய்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. சனிக்கிழமை காலையில் கோட்டாறு போனேன். மற்ற இருவரும் இருக்கும்போதே சொல்ல வேண்டும் என்று, அவர்கள் டீ குடித்துவிட்டு வரும்வரை வாசலில் நின்றேன். பிறகு உள்ளே போய், “அண்ணே, மாத்தினது நான்தான். உங்கமேல சொன்னது தப்பு” என்றேன்.

சுயம்பு அண்ணன் லேத்தை நிறுத்தவில்லை. இரும்புச் சுருள் கழன்று விழுந்துகொண்டே இருந்தது. அந்தத் துண்டைக் கடைந்து முடித்து, அளவு பார்த்து, தட்டில் வைத்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார்:

“மன்னிப்பெல்லாம் இருக்கட்டு. இனி சாமான வச்சிட்டுப் போற வேல வேண்டாம். ஸ்டூல் போட்டுத் தாறேன், முடியது வரைக்கும் முன்னால இருந்து பாத்துக்கிட்டே இரு.”

*ஞாயிற்றுக்கிழமை*

பிரான்சிஸ் அங்கிள் வீட்டு முன்னறையில் என்னைத் தவிர பதினோரு பேர். கூட்டத்துக்கு வந்ததில் நான் ஒருத்திதான் பெண். அவருடைய மனைவி மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் பரிமாறினார். ஒருவரும் என்னிடம் வழக்கு பற்றிப் பேசவில்லை, கறியில் உப்பு கூடுதலா என்றுதான் கேட்டார்கள். சாப்பிட்டுக் கைகழுவியதும் பல் டாக்டர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, “சொல்லு தங்கச்சி” என்றார்.

புளி எஞ்சினை எடுத்து மேசையில் வைத்தேன். யாருடைய முகத்தையும் பார்க்காமல், மேசை விரிப்பில் இருந்த ஒரு பூவைப் பார்த்துப் பேசினேன். “ரெண்டையும் ஒரே நாள்ல கழத்தினேன். மாட்டும்போது சக்கரம் மாறிப்போச்சு. அசல் சக்கரம் இதுல இருக்கு. வித்தவர் மேலயும் பட்டறை அண்ணன் மேலயும் தப்பு இல்ல. தப்பு எனக்க மேலதான்.” சொல்லிவிட்டு, செய்தித்தாள் படத்தையும் ஸ்டுடியோ போட்டோவையும் போனில் காட்டினேன். போன் பதினோரு கைக்கும் போய் வந்தது. ஒவ்வொருவரும் பெரிதாக்கிப் பார்த்தார்கள்.

“வேணும்னே மாத்தின ஆளும் மாட்டிக்கிட்டா இப்படித்தானே சொல்லும்?” என்றார் திருவனந்தபுரத்துக்காரர் ஒருவர்.

“வேணும்னே மாத்தின ஆளு மூளிய ஏன் வீட்டுல வச்சிக்கிட்டு நல்லத குடுக்கணும்?” என்றார் இன்னொருவர்.

“மூளிதானே அசல்!”

“அது உமக்கும் எனக்கும் தெரியும். அவளுக்கு அன்னைக்குத் தெரியாதுல்லா?”

“தெரியாதவ என்னத்துக்கு யாவாரத்துக்கு வாறா?”

பிரான்சிஸ் அங்கிள் இதில் எதிலும் சேரவில்லை. மூக்குக் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, தன்னுடைய திருப்புளியால் இரண்டு சக்கரத்தையும் கழற்றினார். திருகுகளை முழுசாக எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். மூளிச் சக்கரத்தைத் தன் எஞ்சினில் மாட்டி, தண்ணீர் ஊற்றி, விளக்கை ஏற்றினார். நீராவி கிளம்பியது. சக்கரம் ஓடத் தொடங்கியது. மூளி ஓட்டத்தில் தெரியவில்லை. விளக்கை ஊதி அணைத்தார்.

பல் டாக்டர் தொண்டையைச் செருமினார். “சக்கரம் வந்துட்டு. இனி தங்கச்சிய என்ன செய்யலாம்னு நீங்களே சொல்லுங்க பிரான்சிஸ் சார். உங்க எஞ்சின்தானே.”

பிரான்சிஸ் அங்கிள் எழுந்து போய்ப் பீரோவைத் திறந்தார். நடுத் தட்டிலிருந்து ஓர் எஞ்சினை எடுத்து வந்து மேசையில் வைத்தார். அதன் ஒவ்வொரு திருகையும் நாலு பக்கமும் போனில் படம் பிடித்தார், படங்கள் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்தார், பிறகு எஞ்சினைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வரச் சொல்லி என்னிடம் கொடுத்தார்.